படம் எடுத்தவன் நின்ற இடம்

பழைய படத்தை ஸ்கேன் செய்வது ஒரு வேலையே இல்லை. கண்ணாடிமேல் குப்புறப் போட்டு மூடினால் மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். அந்தப் படத்தை எடுத்தவன் எந்த இடத்தில் நின்றான் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் கால் வேண்டும், கண் வேண்டும், தெருநாய்களிடம் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். அன்புச்செல்விக்கு மூன்றும் இருந்தன.

சூலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஒன்பது வருஷமாக அவள் வேலை பார்க்கிறாள். கல்யாணமும் காதுகுத்தும் எடுத்துக் கை சலித்துப் போயிருந்த சமயத்தில் ஹர்ஷிணி வந்து கூப்பிட்டாள். ஹர்ஷிணி மில்காரர் சென்னகிருஷ்ணனின் பேத்தி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மூடின மில்லின் பஞ்சுக் குடோனில் ஒரு கண்காட்சி வைக்கப் போவதாகச் சொன்னாள். இந்த வட்டாரத்தின் பழைய படம் இடது பக்கம், அதே இடத்தில் நின்று இன்றைக்கு எடுத்த படம் வலது பக்கம். நாற்பது ஜோடி. பேர் ‘அன்றும் இன்றும்’.

வேலை அன்புச்செல்விக்குப் பிடித்துவிட்டது. படத்தில் அசையாத பொருள் இரண்டு வேண்டும், ஒன்று பக்கத்தில், ஒன்று தூரத்தில். கோபுரமும் மலையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் அவை எப்படி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றனவோ, அதேபோல் கண்ணுக்குத் தெரிகிறவரை நடக்க வேண்டும். தெரிந்துவிட்டால் அதுதான் இடம். இப்படியே போத்தனூர் ஜங்ஷனில் நீராவி எஞ்சின் முன்னால் தலைப்பாகைக்காரர்கள் வரிசையாக நின்ற இடத்தைக் கண்டுபிடித்தாள். அந்தியூர்ச் சந்தையில் சென்னகிருஷ்ணனின் அப்பா வெள்ளைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தையும் கண்டுபிடித்தாள். அன்று பருத்திப் பேட்டை இருந்த இடத்தில் இன்று பேக்கரி. அன்று எண்ணெய்ச் செக்கு, இன்று பேக்கரி. அன்று வண்டிப்பேட்டை, இன்று பேக்கரி, பக்கத்தில் ஒரு செல்போன் கடை. கோயமுத்தூர் ஜில்லாவின் சரித்திரத்தை ஒரே வரியில் எழுதச் சொன்னால் அவள் இதைத்தான் எழுதுவாள்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. இருபத்திரண்டு வருஷம் கழித்துக் குளம் நிரம்பி மறுகால் போயிற்று. ஊரே போய் நின்று பூத்தூவிக் கும்பிட்டது. வற்றிக் கிடந்த தோட்டத்துக் கிணறுகளில் எல்லாம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பொழுதோட பேக்கரியில் உட்கார்ந்தால் எவன் கிணற்றில் எத்தனை படி முங்கியது என்பதுதான் பேச்சு.

கடைசி டப்பா படங்களைச் சென்னகிருஷ்ணனே அட்டாலிப் பரணிலிருந்து இறக்கச் சொல்லியிருந்தார். எழுபத்தெட்டு வயது. மில் போய்விட்டது, குரல் போகவில்லை. பங்களா ஹாலில் அவர் எதிரே உட்கார்ந்து அன்புச்செல்வி ஒவ்வொரு படமாக நீட்டினாள். அவர் பேர்களைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.

ஒரு படத்தை மட்டும் அவர் நெடுநேரம் பிடித்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“இது வேண்டாம் அம்மணி.”

“ஏனுங்கய்யா?”

“தெளிவா இல்ல.”

சொல்லிக்கொண்டே அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். டப்பாவிலேயே தெளிவான படம் அதுதான். ஒரு பெரிய சதுரக் கிணறு, அதன் விளிம்பில் மாலையும் கழுத்துமாகச் சில பெரிய மனிதர்கள், தாம்பாளத்தோடு சென்னகிருஷ்ணனின் அம்மா பங்காரம்மா. பின்னால் பென்சிலில் ‘பெரிய கிணறு, தண்ணி கண்ட நாள், 1958 தை’ என்று எழுதியிருந்தது. காலையில் வந்ததும் மொத்த டப்பாவையும் அவள் ஸ்கேன் செய்து முடித்திருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அன்புச்செல்வியின் வீடு கரட்டுப்புதூரில், மில்காரர்களின் பழைய தோட்டத்தைச் சமன்படுத்திப் போட்ட சைட்டில் இருந்தது. அவள் அப்பா காளிச்சாமி அந்த மில்லில் முப்பத்தொரு வருஷம் பஞ்சுத்தூசி தின்றவர். மில்லை மூடினபோது மற்றவர்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. காளிச்சாமிக்கு மட்டும் சென்னகிருஷ்ணன் தனியாகக் கூப்பிட்டு மூன்று சென்ட் இடத்தைப் பத்திரம் பண்ணிக் கையில் கொடுத்தார். காலனியில் ஒற்றை அறையில் பிறந்து வளர்ந்த மனுஷன் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பெண்களும் மண் சுமந்து, ஜல்லி சுமந்து, ஒரு வருஷத்தில் வீட்டைக் கட்டினார்கள். ஓடு இல்லை, அட்டை இல்லை. தார்சு. கான்கிரீட் போட்ட அன்றைக்குக் காளிச்சாமி மேலே ஏறி நின்று ஊரைப் பார்த்தார். அந்த ஜாதியில், அந்த ஊரில், அப்படி நின்று பார்த்த முதல் ஆள் அவர்தான்.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில், துணி துவைக்கிற கல்லை ஒட்டி ஓர் இரும்புக் குழாய் இடுப்புயரத்துக்கு நின்றது. இடம் வாங்கினபோதே இருந்தது. ஏதோ பழைய போர் குழாய் என்று விட்டுவிட்டார்கள். துணிக்கொடியின் ஒரு முனை அதில்தான் கட்டியிருக்கும். மழைக்காலத்தில் அதற்குள்ளிருந்து ஊம் என்று ஒரு சத்தம் வரும். அன்புச்செல்வியின் அம்மா கருப்பாத்தாள், தேரை கத்துகிறது என்பாள். போன வருஷம் டெங்கு மருந்து அடிக்க வந்தவர்கள் கொசு அடையும் என்று சொன்னதால் காளிச்சாமி அதன் வாயில் துணியைத் திணித்து சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்.

குழாய்ச் சத்தம் நின்றது. இந்த ஐப்பசியில் பின்னறைத் தரையில் ஒரு விரிசல் வந்தது.

அந்த அறையில்தான் செவ்வந்தி படுத்திருந்தாள். அன்புச்செல்வியின் தங்கை, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். இன்னும் மூன்று வாரம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்க முடியாமல் நாளெல்லாம் அந்த அறையிலேயே கிடந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு வெந்துகொண்டிருந்தது. பூண்டும் சீரகமும் தாளித்த வாசனை வாசல்வரை வந்தது. அன்புச்செல்வி கிணற்றுப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள்.

“இதுல யாரையாச்சும் தெரியுதுங்களாப்பா?”

காளிச்சாமி முதலாளிமாரில் இருந்துதான் ஆரம்பித்தார். பழக்கம் அப்படி. “இது பெரிய மொதலாளி. இது பங்காரம்மா, மகராசி. இந்தாளு தாசில்தாரா இருப்பானாட்ட இருக்குது.” விரல் நகர்ந்து படத்தின் இடது ஓரத்துக்கு வந்தது. அங்கே விளிம்பை ஒட்டி ஏழு பேர், கோவணத்தோடு, மேலெல்லாம் கல்மாவு. விரல் அங்கேயே நின்றது.

“ஏம்புள்ள, இங்க வா.”

“அடி புடிச்சுக்குமுங்க” என்றாள் கருப்பாத்தாள் உள்ளிருந்து.

“புடிக்கட்டும். வா.”

அவள் கரண்டியோடு வந்தாள். காளிச்சாமி ஏழு பேரில் ஒருவனைக் காட்டினார். கடப்பாரையைப் பிடித்திருந்த அவன் இடது கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன.

“எங்கப்பன்” என்றார். “மாசாணம். கெணத்துல வெடி வெச்சப்போ ரண்டு வெரலு போயிருச்சு. சின்னதுல என்னையத் தூக்கறப்போ இந்த மூணு வெரலுதான் அக்குள்ல வந்து அழுத்தும். அது மட்டும் நெனப்பிருக்குது கண்ணு. மூஞ்சி நெனப்பில்ல. எனக்கு ஒம்போது வயசுல செத்துப்போச்சு. படமா கிடமா, நமக்கேது? இப்பத்தான் அந்த மூஞ்சியவே பாக்கறேன்.”

அறுபத்தாறு வயது மனுஷன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கருப்பாத்தாள் படத்தை விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்து, “நம்ம செவ்வந்திக்கு அதே நெத்தி” என்றாள். சோறு அடிப்பிடித்தது. கருகலோடு சேர்த்தே தின்றார்கள். அன்புச்செல்விக்கு அந்த வீட்டில் அதைவிட நல்ல சாயங்காலம் ஒன்று ஞாபகம் இல்லை.

சாப்பிட்டு எழும்போது கேட்டாள். “இந்தக் கெணறு எங்கீங்கப்பா இருந்துச்சு?”

“தெக்கால பார்க்குன்னு எடம் உட்டிருக்காங்கல்ல, அதுக்கடியிலன்னு பேசிக்குவாங்க.”

“நீங்க பாத்ததே இல்லீங்களா?”

காளிச்சாமி சிரித்தார். “வெட்டறவரைக்கும் எங்கப்பன் அதுக்குள்ளயேதான் கெடந்தாரு. தண்ணி வந்ததுக்கப்பறம் எங்களுக்கு அங்க என்ன வேல? குடிக்கற தண்ணிக் கெணறு. கிட்டப் போனா தீட்டு. ரோட்டுலயே நிக்கோணும். அப்பறம் சுத்தியும் மதிலு கட்டிப்போட்டாங்க. மில்லுக்குப் போக வேற கேட்டு. கெணத்த மூடுனதுகூட எங்கிருந்தோ லாரிக்காரங்க வந்து மூடுனதுதான். நாங்க ஆரு பாத்தோம்?”

மறுநாள் காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. படத்தைச் சென்னகிருஷ்ணன் வேண்டாம் என்றாலும், அப்பாவுக்காக அதற்கும் ஒரு ஜோடி எடுத்துவிடலாம் என்று அன்புச்செல்வி நினைத்தாள். பிரிண்டை விரித்து அசையாத பொருள்களைத் தேடினாள். கிணற்றுக்கு அந்தப் பக்கம் மில்லின் தண்ணீர்த் தொட்டி, நாலு தூண்மேல் வட்டமாக. அதற்கும் பின்னால் கரடு. கரட்டின் உச்சியில் கல் உடைத்த பள்ளம் ஒன்று பல்லுப் போன இடமாகத் தெரியும். படத்தில் தொட்டி சரியாக அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

தெற்கே பார்க்குக்குப் போய் நின்றாள். தொட்டி பள்ளத்தை விட்டு வெகுதூரம் விலகி நின்றது. வடக்கே நடந்தாள். நடக்க நடக்கத் தொட்டி நகர்ந்து நகர்ந்து பள்ளத்தை நெருங்கியது. வேலிமுள், பிளாஸ்டிக் பை, யாரோ கொட்டின கோழி இறகு. சைட்டுகளின் நடுவே தார் ரோட்டுக்கு வந்து நாலெட்டு வைத்ததும் தொட்டி பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது.

படத்தைத் தூக்கிப் பிடித்தாள். தொட்டி சரி. கரடு சரி. படத்தில் இரண்டுக்கும் முன்னால் கிணறு இருந்தது. எதிரே பார்த்தாள். வாசலில் கருப்பாத்தாள் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கிணறு இருந்த இடத்தில் அவள் வீடு இருந்தது.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. அளவு தப்பாக இருக்கும் என்றுதான் தோன்றியது. இரண்டெட்டு இந்தப் பக்கம், இரண்டெட்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். தொட்டி விலகியது. திரும்பி வந்தால் உட்கார்ந்தது. மூன்று மாதமாக முப்பத்தெட்டு இடங்களை இப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறாள், ஒன்றுகூடத் தப்பவில்லை. செல்போனில் அவசரமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

காளிச்சாமி பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

“நீ ஒண்ணு. போட்டோவுல பாத்தா அப்புடித்தான் கிட்டக்கிட்டத் தெரியும்.”

“எம்பொழப்பே அதுதானுங்கப்பா. ஊட்டுப் பின்பாதி முச்சூடும் கெணத்துமேல நிக்குது. தரை வெடிப்பு உட்டிருக்குது பாருங்க.”

“புது ஊடுன்னா நாலு எடத்துல உடும். பூசிக்கலாம்.”

“பத்து வருசம் ஆச்சுங்க. என்ன புது ஊடு?”

“மொதலாளி நமக்குத் தெரிஞ்சே கெடுதல் பண்ணுவாரா? எத்தன பேரு இருந்தாங்க, என்னைய மட்டும் கூப்புட்டுக் குடுத்த எடம் இது.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்றார். முகத்தில் ஒரு பெருமை வந்தது. “அப்புடியே கெணத்துமேல இருந்தாலுந்தான் என்ன? வெட்டுனது எங்கப்பன். அவரு வெட்டுன கெணறு அவரு பேத்திய உள்ள இழுத்துக்குமா?”

அந்த நேரத்தில் பின்னறையிலிருந்து செவ்வந்தி கூப்பிட்டாள். “அக்கா, இங்க வா, ஒரு வேடிக்கை பாரு.”

பிறக்கப் போகிற குழந்தைக்கு மெத்தை தைப்பதற்காக அவள் ஒரு பழைய தலையணையைப் பிரித்துப் போட்டிருந்தாள். இலவம்பஞ்சு தரையெல்லாம் பரவிக் கிடந்தது. விரிசலுக்கு நேர்மேலே மட்டும் பஞ்சு தரையில் தங்கவில்லை. ஒரு சாண் உயரத்தில் ஏறி ஆடியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

“தானா ஆடுது பாரேன்” என்று செவ்வந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்புச்செல்வி உட்கார்ந்து உள்ளங்கையை விரிசல்மேல் வைத்தாள். சில்லென்று காற்று வந்து கையில் மோதியது. அழுகின சேற்று நாற்றம். கீழே எங்கேயோ தண்ணீர் ஏறி, அங்கிருந்த காற்றை மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

காளிச்சாமி நிலைப்படியில் நின்று பார்த்தார். “எலி வளையா இருக்கும்” என்றார். ஆனால் உள்ளே வரவில்லை.

செவ்வந்தியை முன்னறைக்கு மாற்றிப் படுக்க வைத்துவிட்டு, அன்புச்செல்வி மழையோடு மழையாகப் பங்களாவுக்குப் போனாள். அப்பாவை அந்த வீட்டை விட்டு எழுப்ப இந்த உலகத்தில் ஒரே ஒருவர் சொன்னால்தான் முடியும். அவரைக் கூட்டிவந்து ஒரு வார்த்தை சொல்ல வைத்துவிட்டால் போதும். போகிற வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனாள். இன்னமும் அவரை நல்லவர் என்றேதான் நினைத்திருந்தாள்.

சென்னகிருஷ்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். அவள் செல்போனில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இடது பக்கம் கிணறு, வலது பக்கம் வீடு. அவர் வாங்கிப் பார்த்தார். மறுக்கப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் நிமிர்ந்து கேட்டது வேறு.

“அந்த மூச்சுக் கொழா இன்னும் இருக்குதா?”

“என்ன கொழாய்ங்க?”

“பொறத்தால இருக்குமே, இரும்புக் கொழா. கெணத்த மூடுனா மூச்சடைச்சு மூடக்கூடாது கண்ணு. அடியில இருந்து ஒரு கொழா வெச்சு மேல கொண்டாந்து உட்ரோணும். இல்லீனா மூடுன குடும்பத்துக்கு ஆகாது. எங்கம்மா சாகறப்போ ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க, இந்தக் கெணத்த மட்டும் மூடிப்போடாதேன்னு. நான் மூடிப்போட்டேன். அதுக்குத்தான் பயந்துக்கிட்டு நானே பக்கத்துல நின்னு கொழா வெச்சேன்.”

“அப்பா அத சிமெண்டு வெச்சு அடச்சுப்போட்டாருங்க.”

பெரியவரின் கை நாற்காலிப் பிடியில் இறுகியது. அது அவர் குடும்பத்தை நினைத்து வந்த பயம் என்பது அன்புச்செல்விக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

“கெணத்துக்கு மூச்சு உடறதுக்கு வழி வெச்சீங்க. அதும்மேல படுத்துத் தூங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலீங்களே.”

“சத்தம் போடாதே அம்மணி. நான் கெடுதல் நெனச்சனா? அந்த எடத்த வெலைக்கு ஒருத்தனுக்கு வித்தா பாவம். அதனாலதான் சும்மா குடுத்தேன்.” அவர் தனக்கே நியாயம் சொல்லிக்கொள்கிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார். “காளி ஒரு ஓலச்சாளையோ, அட்டைக் கூரையோ போட்டுக்குவான்னு நெனச்சேன். அதத் தாங்கியிருக்கும். உங்கப்பன் தார்சு போடுவான்னு ஆரு கண்டா?”

அதில் குத்தல் எதுவும் இல்லை. வானம் பொய்க்கும் என்று யார் கண்டார் என்பதுபோல், நிஜமான வியப்போடு சொன்னார். உள்வாசலில் காபித் தம்ளரோடு வந்த ஹர்ஷிணி அப்படியே நின்றுவிட்டாள்.

“தாத்தா” என்றாள்.

“வந்து எங்கப்பங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. ஊட்ட உட்டு வெளிய வரச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“மழை உடட்டும் கண்ணு. நாளைக்கு வாரேன்.”

அவர் வரமாட்டார் என்று தெரிந்துகொண்டு அன்புச்செல்வி திரும்பி நடந்தாள்.

வீட்டில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. காளிச்சாமி தன் அப்பன் படத்துக்குச் சட்டம் போட்டு வாங்கி வந்திருந்தார். பின்னறைச் சுவரில் ஸ்டூல்மேல் ஏறி நின்று அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் பூச்சு உதிர்ந்து தரையில் விழுந்தது. ஆணி நிற்கவில்லை.

“மொதலாளி என்ன சொன்னாரு?” என்றார் திரும்பாமல்.

அன்புச்செல்வி ஒன்றையும் விடாமல் சொன்னாள். குழாயைச் சொன்னாள். சும்மா கொடுத்த காரணத்தைச் சொன்னாள். அவர் அடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் அதையும் சொன்னாள். சொல்ல வேண்டாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள்.

“நீங்க தார்சு போடுவீங்கன்னு அவரு நெனக்கலையாமாங்கப்பா. சாளை போட்டுக்குவீங்கன்னு நெனச்சாராமா.”

சுத்தியல் நின்றது. காளிச்சாமி ஸ்டூல்மேலேயே நின்றுகொண்டு மேலே கான்கிரீட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். முப்பத்தொரு வருஷமும் அந்தப் பார்வையில் போய் வந்திருக்கும்.

இறங்கி வந்தார். சுத்தியலோடு பொடக்காளிக்குப் போனார். குழாய் வாயில் இருந்த சிமெண்டை மூன்றே அடியில் உடைத்துத் துணியைப் பிடுங்கினார். உள்ளே அடைபட்டிருந்த காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. அது நிற்கிறவரைக்கும் யாரும் அசையவில்லை. அப்புறம் துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்து, நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டிக் குழாய்க்குள் விட்டார். கயிறு முழுதும் போயிற்று. அடி தட்டவில்லை. மேலே இழுத்தபோது, இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே கயிறு நனைந்து கறுத்திருந்தது.

“செவ்வந்தியக் கூட்டிக்கிட்டு ரோட்டுக்குப் போங்க” என்றார். குரலில் சத்தமே இல்லை. “முன்னால ஆசாரத்துலகூட நிக்காதீங்க. ரோட்டுக்குப் போங்க.”

குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து, கட்டில், பீரோ, பாத்திரம், அரிசி என்று அகப்பட்டதை ஏற்றினார்கள். பொழுது சாயும் முன்னால் போத்தனூரில் கருப்பாத்தாளின் தங்கை முத்தாத்தாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கிளம்பும்போது காளிச்சாமி வாசல் கதவைப் பூட்டி, ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியேறினார்.

நாலு நாள் வீடு அப்படியே நின்றது. மழை விட்டு வெயில் அடித்தது. நல்ல தார்சு வீட்டை விட்டுவிட்டுப் போட்டோவைப் பார்த்துப் பயந்து ஓடினவன் என்று பேக்கரியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். காளிச்சாமிக்கே மனசு ஆட ஆரம்பித்தது. “ஒண்ணும் ஆகலியே. வெள்ளிக்கெழம போயி வெளக்குப் பத்த வெச்சுட்டு வந்தர்றேனே” என்று கருப்பாத்தாளிடம் கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். அன்புச்செல்வி சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பளீரென்ற வெயிலில், வீட்டின் பின்பாதி இறங்கியது. லாரி ஜல்லி கொட்டுகிற சத்தம் மாதிரிதான் கேட்டது என்றார்கள். செவ்வந்தி படுத்திருந்த அறை, சமையற்கட்டு, துவைக்கிற கல், குழாய் எல்லாம் உள்ளே போயின. உள்ளே யாரும் இல்லை.

அன்புச்செல்வியும் காளிச்சாமியும் போனபோது ஹர்ஷிணி அங்கே நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. “அக்கா, அந்தக் கெணத்துப் படத்த நான் வெக்கறேன். தாத்தா என்ன சொன்னாலும் சரி” என்றாள். “அதுக்கு ஜோடி வேணும்.”

அன்புச்செல்வி ரோட்டில் அதே இடத்துக்குப் போய் நின்றாள். முன்பாதிச் சுவர் சரிந்து வழி விட்டிருந்தது. தொட்டி பள்ளத்துக்குள் உட்கார்ந்தது. அதன் முன்னால், அறுபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இருந்தபடியே, கிணறு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். இடது ஓரத்தில் ஓர் ஆள் வந்து நின்றார்.

காளிச்சாமி. விளிம்பை ஒட்டி, சரியாக மாசாணம் நின்ற இடத்தில்.

“அப்பா, பின்னால வாங்க.”

“எங்கப்பன் இங்கதான் நின்னாராட்ட இருக்குது, இல்லியா?”

“ஆமாங்கப்பா. அங்கயேதான். ஒரு எட்டு பின்னால வாங்க.”

“நீ எடு கண்ணு” என்றார் அவர், நிமிர்ந்து நின்று. “எடு, வாரேன்.”

அவர் காலடியில் மண் உதிர்ந்து தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அன்புச்செல்வி கேமராவைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் ரோட்டோரம் வந்து விழுந்தார்கள். அவர் நின்ற மண் அவர்கள் பார்க்கப் பார்க்கக் கீழே போயிற்று.

கண்காட்சி மார்கழியில் நடந்தது. சென்னகிருஷ்ணன் வரவில்லை. கிணற்றுப் படத்தின் கீழே ஹர்ஷிணி, ‘இடது ஓரம்: மாசாணம், கிணறு வெட்டியவர்’ என்றுதான் ஆரம்பித்து எழுதியிருந்தாள். மற்ற முப்பத்தொன்பதுக்கும் ஜோடி இருந்தது. இதற்கு மட்டும் வலது பக்கம் சுவர் காலியாக இருந்தது. காளிச்சாமி, செவ்வந்தியின் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் முன்னாலேயே நின்றிருந்தார். கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த ஒருவர் காலியான இடத்தைக் காட்டி அவரிடம் கேட்டார்.

“ஏனுங்க, இந்த எடம் இப்ப எப்புடி இருக்குதுங்க?”

காளிச்சாமி குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இன்னும் எறங்கிக்கிட்டேதானுங்க இருக்குது” என்றார்.